நாணற்பெட்டிக்குப் பிசின் பூசினது அவிசுவாசமா?



 இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கும்படி ஆவியானவர் என்னை ஏவினார். பார்த்தால் சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குள்ளே நம்முடைய பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. ஆகவே பொறுமையாய் வாசியுங்கள், வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நாம் கரிசல்காட்டு ஜனங்கள். வானம் பார்த்த பூமி. நமக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் நிற்கிற தண்ணீர்தான்: கண்மாய், ஊருணி, கிணறு. ஓடுகிற தண்ணீரை நாம் பார்ப்பது ரயிலில் போகும்போது பாலத்துக்குக் கீழே. அப்படிப்பட்ட நம்மை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தண்ணீர் தேடி வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோயிற்று. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பேர் அங்கே மாட்டிக்கொண்டார்கள். அவர்களை மீட்டு, நம்முடைய வாஞ்சி மணியாச்சி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துதான் சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள். தாமிரபரணிக் கரை ஊர்களிலோ வீட்டு மாடிகளில் ஜனங்கள் கைக்குழந்தைகளோடு நின்றார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து மீனவ சகோதரர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து அநேகரைக் கரைசேர்த்தார்கள். படகு ஓட்டத் தெரிந்தவன் அன்றைக்குத் தேவதூதன் மாதிரி தெரிந்தான்.

அதற்குப் பிறகு நம் வாலிபர் சிலர் என்னிடம் வந்தார்கள். "ஐயா, நாங்களும் படகு ஓட்டப் படிக்கணும். அடுத்த தடவை வெள்ளம் வந்தா சும்மா நின்னு வேடிக்கை பார்க்கக் கூடாது" என்றார்கள். நல்ல பாரம்தான். முறையாகச் சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் போங்கள், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றேன். உபவாச ஜெபம் முடிந்தபின் இதைக் கேட்ட மூத்த சகோதரர் ஒருவருக்கு மனசு கேட்கவில்லை. அவர் ஜெபவீரர். அவருடைய கண்ணீரால் இந்தச் சபை கட்டப்பட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"செங்கடலைப் பிளந்த தேவனுக்கு ஜாக்கெட் வேணுமா? எங்க காலத்துல ஒரு மாத்திரை கூடப் போடாம கர்த்தரையே நம்பி நின்னோம். இப்ப ஜாக்கெட்டு, கயிறு, விசிலுன்னு ஆரம்பிச்சா, நாளைக்கு ஜெபம் எதுக்குன்னு பிள்ளைங்க கேக்கும்."

பிரியமானவர்களே, இதைச் சிரித்துத் தள்ளிவிடாதிருங்கள். இது உள்ளத்திலிருந்து வந்த கேள்வி. பாதுகாப்பு தேடுவது அவிசுவாசமா? இந்தக் கேள்விக்கு வேதமே பதில் சொல்லட்டும்.

1. ஓடுகிற தண்ணீர் வேறு, நிற்கிற தண்ணீர் வேறு

முதலில் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அறிந்துகொள்வோம். அறியாமல் பேசுவது விசுவாசமல்ல.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள தண்ணீர் ஒரு டன் எடை. அது ஓடிவரும்போது, வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நான்கு மடங்காகும். அதனால்தான் வேகமாய் ஓடுகிற வெள்ளம் முழங்கால் அளவு இருந்தாலே வாட்டசாட்டமான ஆளையும் விழத்தட்டிவிடும். கண்மாயில் நீந்தத் தெரிந்தவன் ஆற்றையும் அப்படியே நினைப்பான். அங்கேதான் மோசம் போகிறான்.

ஓடும் தண்ணீரில் விழுந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், எழுந்து நிற்காதே என்பதுதான். கால் தரையில் பட்டதும் நிற்கத்தான் தோன்றும். பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொண்டால் பின்னாலிருந்து வருகிற தண்ணீர் ஆளை முன்னுக்குக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து மிதக்கவேண்டும். கால்கள் தண்ணீர் போகிற திசையில், விரல்கள் மேலே தெரியும்படி இருக்கவேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, கைகளால் சாய்வாகக் கரைப்பக்கம் நீந்தவேண்டும்.

இரண்டாவது பாடம், சாய்ந்து கிடக்கிற மரம். பாறையில் மோதுகிற தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போகும். ஆனால் விழுந்து கிடக்கிற வேலிக்கருவையின் கிளைகளுக்குள்ளே தண்ணீர் போய்விடும், ஆள் போகமுடியாது. சல்லடையில் மாட்டின தூசி மாதிரி அங்கேயே சிக்கிக்கொள்வான். தூரத்திலேயே பார்த்து விலகவேண்டும்.

மூன்றாவது, அணைக்கட்டு. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கடைசி ஸ்ரீவைகுண்டம். மேலேயிருந்து பார்த்தால் அழகாய், ஒரே சீராய்த் தண்ணீர் விழும். ஆனால் வெள்ளக் காலத்தில் அப்படி விழுகிற தண்ணீர் அடியில் போய்ச் சுருண்டு, மறுபடியும் அணைப்பக்கமே திரும்பி வரும். அதில் விழுந்தவனையும் படகையும் திரும்பத் திரும்ப உள்ளேயே இழுத்துப் புரட்டும். நீச்சல் வீரனானாலும் தப்புவது கடினம். படகுக்காரன் அங்கே வீரம் காட்டமாட்டான். முன்னாலேயே கரையேறி, படகைச் சுமந்து நடந்து, கீழே போய் இறங்குவான்.

ஒகேனக்கல் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பரிசல்காரர்கள் வட்டமான பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரை வழியே நடந்து போவார்கள். அது மூங்கிலால் பின்னின கூடைதான். முன்காலத்தில் தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும் வந்தது. காவிரியில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போடும். அன்றைக்குக் கூலி இல்லை. இருந்தாலும் துடுப்பை ஓரமாய் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆற்றை அறிந்தவன்தான் ஆற்றுக்குப் பயப்படுகிறான்.

2. யோகெபேத் செய்த பரிசல்

இப்பொழுது யாத்திராகமம் 2-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். மோசேயின் தாய் மூன்று மாதம் பிள்ளையை ஒளித்துவைத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. அப்பொழுது என்ன செய்தாள்? "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று பிள்ளையை வெறுமனே நைல் நதியில் விட்டாளா? இல்லை. ஒரு நாணற்பெட்டியை எடுத்தாள். தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசினாள். நீரோட்டத்தின் நடுவிலே தள்ளிவிடாமல் கரையோரத்து நாணலுக்குள்ளே வைத்தாள். அதோடு விட்டாளா? மகளைத் தூரத்தில் நிறுத்தி, என்ன ஆகிறதென்று பார்க்க வைத்தாள் (யாத். 2:3,4).

பாருங்கள் தேவஜனமே! நல்ல படகு, அமைதியான இடம், கரையில் ஒரு காவல் ஆள். இன்றைக்குப் படகு சொல்லிக்கொடுக்கிறவர்கள் கேட்கிற மூன்றும் அங்கே இருக்கிறது. இதைச் செய்த பெற்றோரைப் பற்றி எபிரெயர் 11:23 என்ன சாட்சி கொடுக்கிறது? அவர்கள் விசுவாசத்தினாலே நடந்தார்கள் என்கிறது. பிசின் பூசின கையும் விசுவாசித்த கையும் ஒரே கைதான். பிசின் பூசினதால் விசுவாசம் குறைந்துபோனது என்று பரிசுத்த ஆவியானவர் எழுதவில்லை. நோவாவின் பேழைக்கும் உள்ளும் புறம்பும் கீல் பூசும்படி கட்டளையிட்டவர் தேவன்தானே (ஆதி. 6:14).

3. "செங்கடல் பிளந்ததே?"

ஆம், பிளந்தது. அல்லேலூயா! ஆனால் மோசே கோலை நீட்டுவதற்கு முன்னே தேவனுடைய வார்த்தை வந்தது. யோர்தான் கரைபுரண்டு ஓடின காலத்தில் ஆசாரியர்கள் அதில் கால் வைத்தார்கள். கால் வைக்கும் முன்னே கட்டளை வந்தது (யோசுவா 3). பேதுரு கடல்மேல் நடந்தான். ஆனால் அவனும் படகிலிருந்து தானாகக் குதிக்கவில்லை. ஆண்டவரே, நீர்தானா, நான் வர நீர் கட்டளையிடும் என்று கேட்டான். வா என்ற சொல் கிடைத்த பிறகுதான் இறங்கினான் (மத். 14:28,29). அந்தப் படகிலே மற்ற சீஷர்கள் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களை ஆண்டவர் அவிசுவாசிகள் என்று கடிந்துகொள்ளவில்லை. அவர்களை அழைக்கவில்லை, அவர்கள் இறங்கவில்லை.

ஆனால் வார்த்தை வராமலே குதிக்கச் சொன்னவன் ஒருவன் உண்டு. அவன் யார்? தேவாலயத்து உப்பரிகையிலே ஆண்டவரைக் கொண்டுபோய் நிறுத்தினவன். அவனும் வேதவசனத்தைத்தான் சொன்னான். 91-ம் சங்கீதத்தைச் சொன்னான். ஆனால் அந்தச் சங்கீதத்தில் நம்முடைய வழிகளிலே நம்மைக் காப்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிற பகுதியை நைசாக விட்டுவிட்டான். தேவன் நடத்துகிற வழியிலே காவல் உண்டு. நாமாகக் குதித்துவிட்டு, "வந்து பிடியும்" என்று தேவனுக்கு உத்தரவு போடுவதற்கு வாக்குத்தத்தம் இல்லை. அதற்கு ஆண்டவர் வைத்த பெயர், தேவனைப் பரீட்சை பார்ப்பது (மத். 4:7). விசுவாசமும் பரீட்சை பார்ப்பதும் வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்று தேவனுக்குக் கீழ்ப்படிகிறது. மற்றொன்று தேவனைக் கீழ்ப்படியச் சொல்கிறது.

4. வாக்குத்தத்தம் இருந்தும் பலகை எதற்கு?

"சரி ஐயா, தேவன் வாக்குக் கொடுத்துவிட்டால்? அப்ப ஜாக்கெட் வேண்டாமே?" என்று ஒருவர் கேட்கலாம். அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தை வாசியுங்கள். பவுலோடு கப்பலில் 276 பேர். புயல். தேவதூதன் இரவிலே வந்து, கூட இருக்கிற எல்லாருடைய உயிரும் பவுலுக்குத் தரப்பட்டது என்று சொல்லிவிட்டான். இதைவிடத் தெளிவான வாக்குத்தத்தம் உண்டா?

ஆனாலும் கப்பலாட்கள் நங்கூரம் போடுவதுபோல் நடித்து, சின்னப் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, அதே பவுல் நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்கிறான் (27:31). தொழில் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று சொல்கிறவன் தேவதூதனைப் பார்த்த மனுஷன்! கடைசியில் எப்படிக் கரை சேர்ந்தார்கள்? நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தார்கள். மற்றவர்கள் பலகைகள் மேலும் கப்பல் துண்டுகள் மேலும் மிதந்து வந்தார்கள் (27:43,44). ஒருவரும் சாகவில்லை. வாக்குத்தத்தம் நிறைவேறினது பலகையின் மேல்தான். அன்றைக்கு இருந்த லைஃப் ஜாக்கெட் அந்தப் பலகைதான். பலகையைப் பிடித்தவனைப் பார்த்து, உனக்கு விசுவாசமில்லை என்று பவுல் சொல்லவில்லை.

5. என் உயிர் வேறு, உன் பிள்ளையின் உயிர் வேறு

மூத்த சகோதரர் சொன்ன இன்னொரு காரியம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. மாத்திரை போடாமல் கர்த்தரை நம்பி நின்ற தலைமுறை. அவர்களை நான் கனம்பண்ணுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் தங்கள் சொந்தச் சரீரத்தைக் குறித்து தேவசமுகத்தில் தீர்மானம் எடுத்தார்கள். படகு அப்படிப்பட்டதல்ல. துடுப்பு என் கையில் இருக்கும்போது எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளை எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை. அதன் தாய் என்னை நம்பி ஏற்றிவிட்டாள். என் விசுவாசத்துக்கு அந்தப் பிள்ளையின் உயிரை ஈடு வைக்க எனக்கு என்ன உரிமை?

உபாகமம் 22:8-ல் தேவன் ஒரு கட்டளை கொடுத்தார். புதுவீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். கட்டாமல் ஒருவன் விழுந்து செத்தால், இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல். வீட்டுக்காரன் எவ்வளவு ஜெபித்தான் என்று அங்கே கேள்வி இல்லை. சுவர் இருந்ததா என்பதே கேள்வி. ஆகவே ஜாக்கெட்டும் கயிறும் பயத்தின் அடையாளமல்ல, அயலானிடத்தில் அன்பின் அடையாளம்.

6. தண்ணீரில் மரித்தவர்களைக் குறித்து

இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 2022 அக்டோபர் 3-ம் தேதி, நம்முடைய தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பூண்டி மாதா ஆலயத்துக்குப் போனவர்களில் ஆறு பேர் கொள்ளிடம் ஆற்றில் குளிக்க இறங்கி வெள்ளத்தில் போனார்கள். அப்படிப்பட்ட செய்தி வரும்போது நம்மில் சிலர், "அவங்க பக்தி சரியில்ல, அதான்" என்று பேசுகிறதுண்டு. வேண்டாம்! சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் எல்லாரையும்விடப் பாவிகளோ என்று கேட்டவர் நம்முடைய ஆண்டவர் (லூக். 13:4). நாளைக்கு நம் சபையிலும் நடக்கலாம். அப்போது நம்மைப் பார்த்து யார் என்ன சொல்லுவார்கள்?

ஓடும் தண்ணீர், உள்ளே வருகிறவன் ஞானஸ்நானம் எடுத்தவனா, அந்நியபாஷை பேசுகிறவனா என்று பார்ப்பதில்லை. மழை நீதிமான்மேலும் அநீதியுள்ளவன்மேலும் பெய்கிறது என்றால், வெள்ளமும் அப்படியே. மரித்தவர்களை நியாயந்தீர்ப்பதை விட்டு, உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டுவோம்.

7. பெரியவர் சொன்னதில் உள்ள சத்தியம்

ஆனாலும் அவர் பயந்ததிலும் நியாயம் உண்டு. ராஜாவாகிய ஆசா தன் வியாதியில் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரையே தேடினான் என்று எழுதியிருக்கிறது (2 நாளா. 16:12). வைத்தியரிடம் போனதைவிட, கர்த்தரைத் தேடாமல் போனதுதான் அங்கே குற்றம். வாலிபத் தம்பிமாரே, தங்கச்சிமாரே, இது உங்களுக்கு! "ஜாக்கெட் போட்டாச்சு, இனி என்ன?" என்கிற மிதப்பு, ஜாக்கெட் இல்லாததைவிட ஆபத்து. ஜாக்கெட் உன்னை மிதக்க வைக்கும். அணைக்கட்டுச் சுழலிலிருந்து தூக்கிவிடாது. மரக்கிளையில் மாட்டினால் விடுவிக்காது. உண்மையில் ஆற்றைப் படித்தவன் அதிகமாய் ஜெபிக்கிறான், ஏனென்றால் தான் எவ்வளவு சின்னவன் என்று அவனுக்குத் தெரியும்.

படகுப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. படகு பக்கவாட்டில் போய்ப் பாறையில் மோதப்போகிறது என்று வையுங்கள். பழகாதவன் பயந்து, பாறையை விட்டு அந்தப் பக்கம் சாய்வான். அப்போது தண்ணீர் வருகிற பக்கத்து விளிம்பு தாழும். வெள்ளம் உள்ளே ஏறும், படகு கவிழும். பழகினவனோ பாறையை நோக்கிச் சாய்வான். கையை நீட்டிப் பாறையையே பிடித்துக்கொள்வான். படகு நிமிர்ந்து நிற்கும். அதேபோல, பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாய் இருக்கும். அங்கே படகைத் திருப்பி நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுவான். சபையே, நம்முடைய கன்மலை யார்? பயம் வரும்போது எந்தப் பக்கம் சாய்கிறோம்?

நாம் செய்யவேண்டியது

ஆகையால் நம் சபையில் இப்படி நடப்போமாக.

படகு பழகப் போகிறவர்கள் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களோடு மாத்திரம் போங்கள். முதலில் நிற்கிற தண்ணீர், பிறகு மெதுவாய் ஓடுகிற தண்ணீர். தனியே போகாதிருங்கள். ஜாக்கெட்டின் கொக்கிகளெல்லாம் மாட்டியிருக்கட்டும், தோளில் சும்மா தொங்கவேண்டாம். படகில் எழுந்து நிற்கவோ, எல்லாரும் ஒரே பக்கம் சாயவோ வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வளைவு வந்தால் கரையேறி நடந்து பாருங்கள்.

ஒருவன் தண்ணீரில் தத்தளித்தால் உடனே குதிக்காதிருங்கள். முதலில் கம்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிறு எறி, அதுவும் முடியாவிட்டால் படகில் போ. பழகினவன் மாத்திரமே, அதுவும் கடைசியாக, நீந்திப் போகலாம். ஒருவனைக் காப்பாற்ற இறங்கி இரண்டு மூன்று பேர் போன கதைகள் நம் நாட்டில் ஏராளம்.

ஆற்றில் ஞானஸ்நான ஆராதனை வைக்கும்போது முந்தின நாளே இடத்தைப் பார்த்து, ஆழம் அளந்து, அணைக்கட்டுக்குப் பக்கத்தில் இல்லாத இடமாய்த் தெரிந்துகொள்வோம். கயிறும், நீந்தத் தெரிந்த இரண்டு சகோதரர்களும் தண்ணீர் போகிற பக்கம் நிற்கட்டும். தண்ணீர் கலங்கி ஏறிவந்தால் ஆராதனையைத் தள்ளிவைப்போம். ஒரு வாரம் தாமதித்ததால் தேவராஜ்யம் குறைந்துபோகாது.

இதையெல்லாம் அந்த மூத்த சகோதரரிடம் உட்கார்ந்து பேசினேன். முழுவதும் ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிள்ளைங்க போற அன்னைக்கு எனக்குச் சொல்லுங்க பாஸ்டர். அவங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் முழங்கால்ல நிப்பேன்" என்றார். கரையிலே மிரியாம் நின்றதுபோல ஒரு காவல் நமக்கும் கிடைத்தது. கர்த்தருக்கே மகிமை!

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, ஆறுகளைக் கடக்கும்போதும் கூட இருப்பேன் என்று ஏசாயாவைக் கொண்டு சொன்ன தேவனே, எங்களுக்கு விசுவாசத்தையும் விவேகத்தையும் சேர்த்துத் தாரும். உம்மைப் பரீட்சை பார்க்கும் துணிகரத்துக்கு எங்களை விலக்கிக் காரும். எங்கள் பிள்ளைகளின் கையில் துடுப்பையும் வாயில் ஜெபத்தையும் தாரும். தண்ணீரில் பிள்ளைகளை இழந்த தாய்மாரை நீரே தேற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்,
மணியாச்சி.